வடிகாலைப் பற்றிக் கேட்டவன் மறுப்பாளனாம்

ஞாயிற்றுக்கிழமை நடந்த காலநிலை மாற்றக் கூட்டத்தின் காணொளித் துண்டை உங்களில் பெரும்பாலோர் பார்த்திருப்பீர்கள்; பார்க்காதவர்களுக்கும் இந்நேரம் யாராவது அனுப்பி வைத்திருப்பார்கள். அதில் வெள்ளைச் சட்டையுடன் எழுந்து நின்று கேள்வி கேட்பவன் நான்தான். மேடையில் இருந்தவர் சிரித்துக்கொண்டே, "ஐயா கேட்பது காலநிலை மாற்ற மறுப்பாளர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி" என்று சொன்னதும், குளிரூட்டப்பட்ட அந்த மண்டபம் கைதட்டியதும் உண்மை. ('ஐயா' என்று மரியாதையாக அழைத்துவிட்டு ஒருவரை உட்காரவைப்பது தனிக்கலை.) மூன்று நாள்களாக என் பெயரோடு அந்தப் பட்டம் ஒட்டிக்கொண்டிருப்பதால் இதை எழுத வேண்டியிருக்கிறது.

புவி சூடாகிறது என்பதை நான் மறுக்கவில்லை, கூட்டத்திலும் மறுக்கவில்லை. 1958இல் ஹவாயின் மவுனா லோவாவில் அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சம் பங்கு காற்றில் சுமார் 315 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420ஐத் தாண்டிவிட்டது என்பதைக் கைதட்டியவர்களில் பலருக்கு முன்பே படித்தவன் நான். நான் கேட்டது ஒரு வடிகாலைப் பற்றி. திரும்பவும் சொல்கிறேன், வடிகாலைப் பற்றி.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் எங்களுக்கு ஆறு மா, அதாவது சுமார் இரண்டு ஏக்கர், நிலம் இருக்கிறது. சென்ற ஐப்பசி மழையில் எங்கள் சம்பா நடவு ஒன்பது நாள் தண்ணீருக்குள் கிடந்தது. நட்டு இருபது நாள்கூட ஆகாத பயிர் அது. ஐந்தாம் நாள் வயலில் இறங்கிப் பிடித்தபோது தாள் பிசுபிசுவென்று விரலோடு வந்துவிட்டது, வேர் சேற்றிலேயே தங்கிவிட்டது. அதே மழையில், எங்கள் வரப்பிலிருந்து முந்நூறு அடி தள்ளியிருக்கும் பெரியப்பா மகன் வயலில் மூன்றே நாளில் தண்ணீர் வடிந்தது. இரண்டு வயலுக்கும் வானம் ஒன்று, மழை ஒன்று, மண்ணும் ஒன்று. வடிகால் மட்டும் வேறு. அண்ணன் வயலின் வடிகால் தூர்வாரப்பட்டது. எங்களுடையதில் நெய்வேலிக் காட்டாமணக்கு ஆள் உயரத்துக்கு மண்டியிருக்கிறது, அதனடியில் ஆகாயத்தாமரை, அதையும் தாண்டினால் புதிய மனைப்பிரிவுக்குப் பாதை போட்டவர்கள் குறுக்கே புதைத்துவிட்டுப் போன ஒன்றரை அடிக் குழாய். இதையெல்லாம் மனுவாக எழுதிக்கொண்டு போனபோது அலுவலகத்தில் கிடைத்த பதில், "இப்பல்லாம் கிளைமேட் சேஞ்ச் சார், நாங்க என்ன பண்றது?" என்பதுதான். அந்தக் குழாயைக் காலநிலையா வந்து புதைத்தது என்று மேடையிலிருந்த அறிஞரிடம் கேட்டேன். இதற்குத்தான் அந்தக் கைதட்டல்.

மாற்றத்தை நான் பார்க்காதவன் என்று நினைத்துவிட வேண்டாம். 'கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை' என்று சொல்லிக்கொண்டே மார்கழியில் களத்தைச் செதுக்கி மெழுக வைத்தவர் என் தந்தை. 2021இல் பொங்கலை ஒட்டிப் பெய்த மழையில், அறுவடைக்கு நின்ற கதிர் சாய்ந்து வயலிலேயே முளைத்தது. மிஞ்சியதை அறுத்துக் கொள்முதல் நிலையத்தில் குவித்துவிட்டு, மறுநாள் தார்ப்பாயைத் தூக்கி உள்ளே கையை விட்டால் நெல் காய்ச்சல்காரன் உடம்பு போலச் சுட்டது. விரலிடுக்கில் வெள்ளை வெள்ளையாக முளை. கொள்முதலுக்கான வரம்பு 17 விழுக்காடு ஈரப்பதம், கருவி காட்டியது 21. 2023 பிப்ரவரித் தொடக்கத்தில் அதே கதை மறுபடியும் நடந்தது. 'தை மழை நெய் மழை' என்று இன்னொரு பழமொழியும் இருப்பதை நானே சொல்லிவிடுகிறேன். பழமொழிகள் இரு கட்சிக்கும் சாட்சி சொல்லக்கூடியவை.

ஐயங்களும் எனக்கு உண்டு, அதையும் மறைக்கவில்லை. என் பாட்டி 1952 புயலைப் பற்றிச் சாகும்வரை பேசிக்கொண்டிருந்தார். 1977 நவம்பர் புயலில் எங்கள் கூரை பறந்தபோது நான் ஆறாம் வகுப்பு. 2018இல் கஜா வந்து தென்னைகளைச் சாய்த்தபோது அது மட்டும் எப்படிக் காலநிலை மாற்றத்தின் பிள்ளையானது என்று கேட்டிருக்கிறேன். 2015இல் வெள்ளம், 2016இல் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 விழுக்காடு குறைவு. பெய்தாலும் அதுதான், பெய்யாவிட்டாலும் அதுதான் என்றால் எப்போதுதான் அது இல்லை என்றும் கேட்டிருக்கிறேன். ஒரு பாகை வெப்பம் கூடினால் காற்று ஏறக்குறைய 7 விழுக்காடு கூடுதலாக நீராவியைத் தாங்கும், அதனால் மண்ணை வேகமாக உலர்த்தும், கொட்டும்போதும் மொத்தமாகக் கொட்டும் என்று படித்த பிறகு அந்தக் கேள்வியில் பாதியைக் கைவிட்டேன். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது; அதற்கு எந்த வடிகாலும் ஈடுகொடுக்காது, ஒப்புக்கொள்கிறேன். எங்கள் ஊரில் சென்ற ஐப்பசியில் பெய்தது அந்த மழை அல்ல. என் பாட்டி கண்டு, வடிந்து, மறந்துபோன மழை.

'ஒரு வயலை வைத்து உலகத்தை அளக்கலாமா' என்று கேட்பவர்களே, கேள்வி நியாயமானது. ஆனால் அன்றைய சிறப்புரையே, பேச்சாளர் வீட்டு மாடியில் முன்பு வந்த சிட்டுக்குருவிகள் இப்போது வருவதில்லை என்றுதான் தொடங்கியது. அவருக்கு மாடி ஆதாரம், எனக்கு வயல் ஆதாரமில்லையா? 'இப்படிப் பேசுவது எண்ணெய் நிறுவனங்களுக்கு ஆதாயம்' என்பவர்களுக்குப் பதில் சொல்லும் பொறுமை எனக்கில்லை. ஆறு மா நிலத்துக்காரன் பேச்சில் ஆதாயம் தேடும் அளவுக்கு அவர்கள் நொடித்துப் போயிருந்தால் மகிழ்ச்சி. இவர்களைவிட, 'எல்லாம் வெள்ளைக்காரன் கட்டிய கதை, சரியான அடி கொடுத்தீர்கள்' என்று என்னைப் பாராட்டி எழுதியவர்கள்தான் அதிகம் நோகடித்தார்கள். நான் உங்கள் ஆள் இல்லை. கடல் மட்டம் உயர உயர, பாசனத்தின் கடைசியில் கடல் பக்கமாக இருக்கும் எங்கள் கடைமடையில் தண்ணீர் வடிவது இன்னும் சிரமமாகும். காலநிலை மாறுகிறது என்பதே தூர்வாருவதற்குக் கூடுதல் காரணம். அதைத் தூர்வாராததற்குச் சாக்காகச் சொல்லும்போதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கடல் மட்டத்தைப் பற்றிய இந்தக் கடைசி வரியையும் அன்று சொன்னேன். காணொளியை வெட்டியவர் அதை விட்டுவிட்டார். எங்கள் குடும்பக் குழுவில் மருமகன் அந்தத் துண்டைப் போட்டு, 'மாமா வைரல்' என்று சிரிக்கும் முகங்கள் நான்கை வைத்திருக்கிறார்; என் மகளும் அதற்கு ஒரு சிரிப்பை வைத்திருக்கிறாள். அந்த நெல் முளைத்த வருடம்தான் அவள் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டோம். மண்டபத்தில் இருந்தவர்கள் யாரிடமாவது முழுப் பதிவும் இருந்தால் எனக்கு அனுப்புங்கள். குழுவில் போட வேண்டும்.