அடுத்த ஜேம்ஸ் பாண்ட் யாராக இருந்தாலும்...

ஜேம்ஸ் பாண்ட் உளவாளிப் படங்களில் புதிய பாண்டாக இளம் நடிகர் ஒருவரைப் போட வேண்டும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரி, வயது எனக்குப் பிரச்சினை இல்லை. முகம் பழகிவிடும். 2005-இல் டேனியல் கிரெய்க்கை அறிவித்தபோது, பொன்னிற முடிக்காரர் எப்படி பாண்ட் ஆவார் என்று ரசிகர்கள் கொதித்தார்கள். மறு வருடம் 'கேசினோ ராயல்' வந்தது. துரத்தல் காட்சியில் எதிரி சுவரின் மேல் இருக்கும் சின்ன இடைவெளியில் லாகவமாகப் பாய்ந்து போவான். பாண்ட் அந்தச் சுவரையே உடைத்துக்கொண்டு வருவார். எழுந்து ஓடுகிற அந்த ஓட்டத்திலேயே ஆள் யார் என்று தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு முடி நிறத்தைப் பற்றி யார் பேசினார்கள்?

என் கவலை வேறு. 2021 படத்தில் பாண்டைச் சாகடித்துவிட்டார்கள். அப்புறம் 2025-இல், பாண்ட் படங்களை எப்படி எடுப்பது என்று முடிவு செய்யும் உரிமை அமேசான் கைக்குப் போய்விட்டது. இனி கிளைக்கதை, தொடர் என்று இழுத்து நீர்த்துப்போகச் செய்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே காத்திருந்ததுதான் பாண்டுக்கே ஒரு மவுசைக் கொடுத்தது.

அடுத்த படத்தை 'டூன்' படங்களை எடுத்த டெனி வில்நெவ் இயக்குகிறார் என்பது பெரிய ஆறுதல். அவசரப்படாத மனிதர். ஒரே ஒரு வேண்டுகோள்: முதல் படம் சறுக்கினாலும் ஒரே படத்தோடு நடிகரை மாற்றிவிடாதீர்கள். முன்பு பாண்டாக நடித்த ஜார்ஜ் லேசன்பி 1969-இல் வந்த ஒரே படத்தோடு தானாகவே விலகிவிட்டார். அந்தப் படத்தின் அருமையை ரசிகர்கள் உணரப் பல வருடங்கள் ஆயின.