ஆறரையா, ஏழரையா?

திருகோணமலை உப்புவெளியில் ஆட்டோ ஓட்டுகிறேன். நேற்று ஒரு லண்டன்காரர், நிலாவெளிக்குப் போகவேண்டும், காலையில் 'ஹாஃப் செவன்' வா என்றார். ஏழுக்கு அரை மணி முந்தி என்று நினைத்து ஆறரைக்கே போய் நின்றேன். மனுசன் ஏழரைக்குத் தலையைத் துவட்டிக்கொண்டு வருகிறார்! பிரித்தானியர் 'ஹாஃப் பாஸ்ட் செவன்' என்பதை அப்படித்தான் சுருக்குவார்களாம். ஜெர்மன்காரர் தங்கள் மொழியில் 'ஹால்ப் சீபன்' என்றால் மட்டும் ஆறரையாம். அமெரிக்கர் சிலர் சொல்லும் 'குவாட்டர் ஆஃப் செவன்' இன்னும் மோசம். அது ஏழேகால் இல்லை, ஆறேமுக்கால். நிலாவெளியில் காத்திருக்கும் புறாத்தீவுப் படகுக்காரரிடம் இதையெல்லாம் யார் விளங்கப்படுத்துவது? அம்மம்மா ஏழரை என்றால் ஏழரைதான். (சனியைப் பற்றிச் சொன்னாலொழிய.) இப்போது போனை நீட்டி, இலக்கத்தில் அடித்துத் தாருங்கள் என்கிறேன்.