இன்று பறக்க வேண்டாம், அக்கா

துருக்கியில், மலையிலிருந்து ஓடிக் கிளம்பிப் பறக்கும் துணி இறக்கையான பாராகிளைடரில் தொங்கிக்கொண்டிருக்கும் என் படத்தைப் போன வாரம் பகிர்ந்தேன். அன்றிலிருந்து உள்பெட்டி நிரம்பி வழிகிறது. "இந்த வயதில் என்ன துணிச்சல் அக்கா!" என்கிறார்கள். கூட வேலை பார்த்த ஒருவர் "வீரத்தமிழச்சி" என்றே எழுதிவிட்டார். எல்லோருக்கும் நன்றி. ஆனால் அந்தப் பாராட்டு விலாசம் மாறி என் வீட்டுக்கு வந்த தபால். கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்துக்கொள்ள மனம் ஒப்பவில்லை. அதனால்தான் இவ்வளவு நீண்ட பதிவு. அவசரக்காரர்கள் இப்போதே விருப்பக்குறி இட்டுவிட்டுப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

மகள் ஜெர்மனியில் வேலை செய்கிறாள். அவளுக்குப் பத்து நாள் விடுமுறை கிடைத்தபோது இருவரும் துருக்கியின் தென்மேற்குக் கரைக்குப் போனோம். ஃபெத்தியே நகரத்துக்குப் பக்கத்தில் ஓலுதெனிஸ் என்ற கடற்கரை ஊர். அந்தப் பெயருக்குச் 'செத்த கடல்' என்று பொருள். புயலடித்தாலும் அசையாத ஓர் உப்பங்கழி அங்கே இருப்பதால் அந்தப் பெயர். அதன் தலைமாட்டில் பாபாதா மலை, 1,969 மீட்டர். துருக்கியில் பாபா என்றால் அப்பா, ஆக அப்பா மலை. கடலிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் அவ்வளவு உயரம் எழும்பிவிடுகிறது. மணலில் நின்று உச்சியைப் பார்க்கக் கழுத்தை நன்றாகப் பின்னால் சாய்க்க வேண்டும். மலையில் 1,200, 1,700, 1,800, 1,900 மீட்டர் உயரங்களில் ஓடிப் பாயும் தளங்கள் கட்டியிருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் அங்கிருந்து பறக்கிறார்கள். காலையில் விடுதி மாடத்தில் தேநீரோடு நின்றால், தலைக்கு மேலே இருபது முப்பது வண்ணத் துணிகள் ஓசையில்லாமல் இறங்கிக்கொண்டிருக்கும். காபி இல்லையே என்ற குறைகூட அரை மணி நேரம் மறந்துபோகும்.

மகள் எனக்குத் தெரியாமல் இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டாள். "தனியாக இல்லை அம்மா, பின்னால் பைலட் இருப்பார்" என்றாள்.

முதல் நாள் ஓவாஜிக் கிராமத்திலிருந்து ரோப்காரில் மேலே போனோம். 2021இல் வந்தது இது. அதற்கு முன்னால் வேன்தானாம். கீழே கரையில் வியர்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு 1,700 மீட்டரில் பல் கிட்டியது. ஆயிரம் மீட்டருக்கு ஆறேழு டிகிரி குறையும் என்று பள்ளியில் படித்தது உடம்புக்கு அப்போதுதான் புரிந்தது. எனக்கு ஒதுக்கப்பட்ட பைலட்டுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கைகுலுக்கிவிட்டு என்னை 'அப்லா' என்று அழைத்தார். அந்த ஊரில் அக்காவுக்கு அப்படிச் சொல்கிறார்கள். பிறகு என்னை மறந்துவிட்டு மலை விளிம்பில் போய் நின்றுகொண்டார்.

நின்றார், நின்றார், நின்றுகொண்டே இருந்தார். காற்றின் திசை காட்டும் துணிப்பை கம்பத்தில் சோம்பலாகத் தொங்கியது. என் கண்ணுக்குக் காற்றே இல்லை. ஒரு மணி நேரம் போயிற்று, இரண்டும் போயிற்று. தூரத்தில் முகில்கள் நகரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தவர் கடைசியில் வந்து, "இன்று வேண்டாம், அப்லா" என்றார்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். யூரோவில் பணம் கட்டி, குளிரில் நடுங்கி, உள்ளுக்குள் இருந்த பயத்தையெல்லாம் ஒருவழியாக அடக்கி உட்கார வைத்திருந்தேன். மறுநாள் அதே பயத்தை மறுபடியும் முதலிலிருந்து அடக்க வேண்டும். "காற்றே இல்லையே, பிறகு என்ன?" என்று மகளை மொழிபெயர்க்கச் சொல்லிச் சண்டைக்குப் போனேன். அவர் கையால் காட்டி விளக்கினார். எங்களுக்கு வேண்டியது முன்னாலிருந்து சரிவில் ஏறி வரும் காற்று. அன்று மேலே வீசியது மலையின் முதுகுப் பக்கத்திலிருந்து வரும் காற்று. அது உச்சியைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கும்போது, ஆற்றுப் பாறைக்குப் பின்னால் தண்ணீர் சுழல்வதுபோலச் சுழலும். தளத்தில் நிற்பவருக்கு அமைதியாகத்தான் தெரியும், நூறு அடி தள்ளிப் போனபிறகுதான் அந்தச் சுழலில் மாட்டுவோம். நல்ல விளக்கம்தான். எனக்கு அப்போது காதில் ஏறவில்லை.

கீழே வந்து கடற்கரைச் சாலையில் நடந்தால் வேறொரு கடைக்காரர் எங்களை நிறுத்தினார். "அவர்கள் பயந்தாங்கொள்ளிகள், நாங்கள் மாலையில் பறப்போம், விலையும் குறைவு" என்றார். மகள் என் முகத்தைப் பார்த்தாள். பொய் சொல்வானேன், சபலம் தட்டியது. மறுநாள் மாலை எங்களுக்கு பஸ் டிக்கெட் எடுத்திருந்தது. இன்னொரு நாள் கிடைக்குமோ கிடைக்காதோ என்ற கணக்கு இருவர் தலையிலும் ஓடியது.

என்னைத் தடுத்தது ஞானம் ஒன்றும் இல்லை, பழைய உத்தியோக புத்தி. இருபத்தேழு ஆண்டுகள் வங்கியில் இருந்தேன். அதில் பதினோரு ஆண்டுகள் கடன் பிரிவில். கடனைப் பிடித்துக்கொண்டு வருபவர் ஒருவர், கடனுக்கு ஒப்புதல் தருபவர் வேறொருவர் என்று இருந்தால்தான் வங்கி பிழைக்கும். இருவரும் ஒரே ஆளாகி, அந்த ஆளுக்குக் கடன் எண்ணிக்கையை வைத்து ஊக்கத்தொகையும் கொடுத்தால், எல்லா மனுக்களும் நல்ல மனுக்களாகவே தெரியும். இதை நான் பாடப்புத்தகத்தில் படிக்கவில்லை, வாராக்கடன் பட்டியலில் படித்தேன். அந்தக் கடைக்காரரின் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு அந்தப் பட்டியல்தான் நினைவுக்கு வந்தது. "நாளைக்கே பார்க்கலாம், வா" என்று மகளைச் சாப்பிட இழுத்துக்கொண்டு போனேன். அவள் இரவு முழுக்கச் சரியாகப் பேசவில்லை.

மறுநாள் காலை ஒன்பதரை மணி. அதே பைலட், அதே 1,700. அன்று காற்று கன்னத்தில் அடித்தது, எதிரிலிருந்து. விளிம்பில் நின்றவர் இரண்டே நிமிடத்தில் திரும்பிவிட்டார்.

தரையில் விரித்த இறக்கையை அப்போதுதான் கிட்டத்தில் பார்த்தேன். இருவர் பறக்கும் இறக்கை சுமார் 40 சதுர மீட்டர் என்றார். மனம் உடனே மனைக்கணக்குப் போட்டது: கிட்டத்தட்ட ஒரு சென்ட். ஒரு சென்ட் துணியைத் தாங்கிப் பிடிக்கச் சட்டம் எதுவும் இல்லை. இரண்டு அடுக்குத் துணிக்கு நடுவே தலையணை உறைகள் மாதிரி வரிசையாக அறைகள், அவற்றின் வாய் முன்பக்கம் திறந்திருக்கிறது. ஓடும்போது காற்று உள்ளே புகுந்து உப்பினால் அது இறக்கை. காற்று நின்றால் மறுபடி துணி. இந்த யோசனையை 1964இல் உருவாக்கியவர் டாமினா ஜால்பர்ட், பட்டம் செய்பவர். பிரான்சில் மியூசி என்ற மலைக் கிராமத்தில் 1978இல் மூன்று பேர் பாராசூட்டை விரித்துக்கொண்டு சரிவில் ஓடிக் கிளம்பியதிலிருந்துதான் இது ஒரு விளையாட்டாகப் பரவியது.

எனக்கு இரண்டே கட்டளைகள். ஓடு. உட்காராதே. இரண்டாவதுதான் கடினமாம். கால் தரையைவிட்டு எழும்பும் முன்பே பலர் பயத்தில் இருக்கையில் சாய்ந்துவிடுகிறார்கள். அப்போது இருவர் பாரமும் பைலட்டின் இரண்டு கால்களில் விழுகிறது. தொடைப் பட்டைகளை அவர் இழுத்து மாட்டினார். மறுபடி முதலிலிருந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். உதவிக்கு நின்றவரும் வந்து அதே பட்டைகளை அதே வரிசையில் தொட்டுப் பார்த்தார். அந்த நான்கு கைகள்தான் அந்தப் பயணத்தில் எனக்குப் பிடித்த காட்சி என்று சொன்னால் மகள் சிரிக்கிறாள்.

"கோஷ், கோஷ், கோஷ்!" என்றார். ஓடு என்று அர்த்தம். ஓடினேன். நாலாவது எட்டில் யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்ததுபோல ஒரு தடை. ஏழாவதில் கால் காற்றில் ஓடியது. தரை போன பிறகும் நான் ஓடிக்கொண்டிருந்தேனாம், வீடியோவில் இருக்கிறது.

மேலே போனபின் பயம் இல்லை. இதையும் சொல்ல வேண்டும். மாடி விளிம்பில் நின்றால் வரும் அடிவயிற்றுக் கலக்கம் அங்கே வரவில்லை. காலுக்கும் தரைக்கும் நடுவே சுவர் மாதிரி எதுவும் இல்லாததாலோ என்னவோ, உயரம் உயரமாகவே உறைக்கவில்லை. கீழே பைன் மரக்காடு. பிறகு வெள்ளைப் பாறை. பிறகு திடீரென்று நீலம். அந்த உப்பங்கழி மேலிருந்து பார்க்க, யாரோ மைக்கூட்டைக் கவிழ்த்துவிட்டுத் துடைக்க மறந்த மாதிரி இருந்தது. வடமேற்கே மலைகளுக்கு நடுவில் கயாகோய் கிராமம். 1923இல் துருக்கியும் கிரேக்கமும் மதத்தைக் கணக்கில் வைத்து மக்களைப் பரிமாறிக்கொண்டபோது, அங்கிருந்த கிரேக்கக் கிறிஸ்தவர்கள் வெளியேற வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து கூரையில்லாத கல்வீடுகள் அப்படியே நிற்கின்றன. முந்தைய நாள் அங்கே நடந்து பார்த்திருந்தேன்.

வானத்தில் பேச நேரம் நிறைய இருந்தது. இறக்கை முன்னால் பத்து மீட்டர் போனால் ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமாகத்தான் கீழே இறங்கும். காற்று கை கொடுக்காவிட்டாலும் அந்த உயரத்திலிருந்து மணலைத் தொட இருபது நிமிடத்துக்கு மேலாகும். நேற்றுக் கோபப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "பறந்தால்தான் எனக்குக் கூலி, அப்லா. நேற்று எனக்கும் சேர்த்துத்தான் வேண்டாம் என்றேன்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. பறப்புக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற ஆள், தன் ஒரு நாள் கூலியைத் தானே வெட்டிவிட்டு, அதற்கு மேலே என் ஏச்சையும் வாங்கிக்கொண்டு இறங்கியிருக்கிறார். துணிச்சல் என்று நீங்கள் எழுதுகிறீர்களே, அது அந்த முதல் நாள் நடந்தது. நான் செய்தது ஏழு எட்டு எடுத்து வைத்து ஓடியது மட்டும்.

நான் தூத்துக்குடிக்காரி. கச்சான் காற்று வலுத்தால் படகை இறக்காமல் கரையில் வலை பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்து வளர்ந்தவள். அவர்களை யாரும் பயந்தாங்கொள்ளி என்று சொல்லிக் கேட்டதில்லை. ஆனால் சுற்றுலா என்று வந்துவிட்டால் நமக்கு வேறு புத்தி வந்துவிடுகிறது. கட்டின காசுக்குக் காற்றும் சேர்த்து வாங்கிவிட்டதாக நினைக்கிறோம். பறக்க மாட்டேன் என்று சொன்ன பைலட்டுக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டுத் திட்டி எழுதுகிறோம். அடுத்த வாரம் அதே பைலட் அரைமனதாக ஒரு பறப்புக்குத் தலையாட்டினால், அந்தத் தலையாட்டலில் நம் நட்சத்திரத்துக்கும் பங்கு உண்டு.

நம் பக்கத்துச் சங்கதிகள் மறந்திருக்காது. 2023 மார்ச்சில் கேரளத்து வர்க்கலாவில், குன்றின் மேலிருந்து கிளம்பிய பாராகிளைடர் கடற்கரையின் உயர்கோபுர விளக்குக் கம்பத்தில் சிக்கியது. பயிற்றுநரும் ஒரு பெண் பயணியும் நெடுநேரம் தொங்கிக் கிடந்து உயிரோடு மீட்கப்பட்டார்கள். 2025 ஜனவரியில் கோவாவின் கேரி பகுதியில் பயணி, பயிற்றுநர் இருவருமே இறந்தார்கள். இப்படி நடந்தால் உரிமம் இருந்ததா என்று கேட்கிறோம், கேட்கவும் வேண்டும். நான் கேட்கச் சொல்வது இன்னொன்று. ஏலகிரியோ வர்க்கலாவோ இமாசலத்தின் பீர் கிராமமோ, பறக்க எங்கே போனாலும் பணம் கட்டுமுன் கேளுங்கள்: காற்று சரியில்லை என்று முடிவு செய்வது யார்? பறக்காத நாளில் அந்த ஆளுக்குக் கூலி உண்டா? என் பணம் திரும்ப வருமா? இந்த மூன்றாவது கேள்விக்குச் சிடுசிடுத்தால் அந்த இடத்தில் பறக்காதீர்கள். பணத்தைத் திருப்பித் தர மனமில்லாத கடை, காற்று எப்படி இருந்தாலும் உங்களை ஏற்றிவிடும். பறக்காத நாளுக்கும் பைலட்டுக்கு ஒரு தொகை என்று நிறுவனங்கள் வைக்க வேண்டும், அதற்காக டிக்கெட்டில் கொஞ்சம் கூட்டினாலும் நான் கொடுப்பேன். இந்த இடத்தில் என் வங்கி நண்பர்கள் தலையாட்டுவார்கள், மற்றவர்கள் கொட்டாவி விடுவீர்கள்.

கீழே கடற்கரை நடைபாதைக்கு மேலே வந்தபோது, கடைசியில் சுற்றிச் சுழன்று இறங்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். மறுபேச்சு இல்லாமல் நேராக இறக்கினார். மகள் சுழன்று இறங்கிவிட்டு, மதியம்வரை எலுமிச்சைச் சோடா தவிர எதையும் தொடவில்லை.

இறங்கியதும் திரையில் படங்களைக் காட்டி விலை சொன்னார்கள். பறந்த விலையில் கணிசமான பங்கு அதற்கே போகும் போலிருந்தது. முணுமுணுத்துக்கொண்டே வாங்கினேன். நீங்கள் பாராட்டிய படம் அதில் ஒன்று.

ஊருக்கு வந்து அம்மாவுக்கு வீடியோவைக் காட்டினேன். எழுபத்தொன்பது வயது. நான் கத்தியதையும் பார்க்கவில்லை, கடலையும் பார்க்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டாவது முறை ஓடவிடச் சொன்னாள்.

"பின்னால் இருக்கிற பையன் இரண்டு பக்கத்துக் கயிற்றையும் ஒரே கையில் பிடித்துக்கொண்டு மற்ற கையில் கேமராவைத் தூக்கிப் பிடித்திருக்கிறானே" என்றாள். "அவனை யார் படம் எடுக்கச் சொன்னது?"

பணம் கட்டின ரசீது என் கைப்பையில்தான் இருந்தது.