மரக்கட்டைத் தெருக்கள் சிகாகோ தீயோடு ஒழியவில்லை

1871 சிகாகோ தீயில் மரக்கட்டை பாவிய தெருக்கள் எரிந்ததும் உலகமே அவற்றைக் கைவிட்டது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நடந்தது நேர்மாறு. லண்டன், பாரிஸ், சிட்னியில் கட்டை பாவுவது சூடுபிடித்ததே அதற்கப்புறம்தான். சிகாகோவும் விடவில்லை, 1909-இல் அங்கே கட்டை பாவிய ஒரு சந்து இன்றும் இருக்கிறது.

கட்டையைப் படுக்கப் போடாமல், வெட்டுமுகம் மேலே தெரிய நிறுத்தி, இடுக்கில் தார் ஊற்றுவார்கள். கருங்கல் தெருவில் காதைப் பிளக்கும் குளம்புச் சத்தம் இதில் வெகுவாக அடங்கிவிடும்.

சரி, பிறகு ஏன் போயிற்று? ஈரத்தில் வழுக்கும், குதிரை மூத்திரம் ஊறி நாறும், சீக்கிரம் உளுத்துப்போகும். 1910 பாரிஸ் வெள்ளத்திலோ கட்டைகள் பெயர்ந்து மிதந்தே போயின! அப்புறம் மோட்டார் வண்டியும் தார்ச்சாலையும் வந்துவிட்டன.