தொட்டபெட்டா: உயரமும் பெயரும்

தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரம் தொட்டபெட்டா என்றும், வானத்தைத் தொட்டதால் அப்பெயர் வந்தது என்றும் வடசென்னையின் வண்ணாரப்பேட்டைப் பகுதி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றி வருகிறது. இரண்டும் தவறு.

நீலகிரியிலுள்ள தொட்டபெட்டா 2,637 மீட்டருடன் தமிழ்நாட்டில் முதலிடம் வகிப்பது மெய்யே. ஆயினும் பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே, கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், இரவிகுளம் தேசியப் பூங்காவிற்குள் நிற்கும் ஆனைமுடி 2,695 மீட்டர் உயரமுடையது, அதாவது 58 மீட்டர் கூடுதல். சாலை வசதியுள்ள தொட்டபெட்டாவைப் பலரும் நேரில் பார்த்திருப்பதும், வரையாடுகளின் காப்பிடமான ஆனைமுடியில் ஏறக் கட்டுப்பாடு இருப்பதும் இக்குழப்பத்திற்குக் காரணமாக இருக்கலாம்.

பெயரிலுள்ள ‘தொட்ட’ தமிழ் வினை அன்று. கன்னடத்திலும், நீலகிரிப் படுகர்கள் பேசும் படுகு மொழியிலும் ‘தொட்ட’ என்றால் பெரிய, ‘பெட்ட’ என்றால் மலை. பேட்டைகள் நிறைந்த வடசென்னையில் இந்தப் ‘பெட்ட’, ‘பேட்டை’யாகக் காதில் விழாமலிருந்ததே வியப்பு.