நடராஜன் கதையைக் கோழிக்கடையோடு நிறுத்தாதீர்கள்

கிரிக்கெட் வேகப்பந்து வீச்சாளர் நடராஜனைப் பற்றி யார் எழுதினாலும் அம்மாவின் சாலையோரக் கோழிக்கறிக் கடை, அப்பாவின் தறி வேலை, அதோடு சரி. படித்ததும் கண் கலங்குகிறது, பகிர்கிறோம். எனக்கு அதில் பெரிய மனக்குறை உண்டு. அவர் வாழ்க்கையில் நாம் உட்கார்ந்து பேச வேண்டிய இடம் 2015. சேலம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்து போட்டு வளர்ந்தவர் ரஞ்சிக் கோப்பை வரைக்கும் வந்துவிட்டார். வந்ததும் பந்து வீசும் முறையில் சந்தேகம், முழங்கை விதியை மீறி மடங்குகிறது என்று சொல்லிவிட்டார்கள்.

இது எவ்வளவு பெரிய அடி என்று எங்கள் வீட்டுக்குத் தெரியும்.

பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடற்கரை மணலில் பந்து எழும்பாது, குத்திப் போட்டால் அங்கேயே செத்துவிடும். அதனால் எட்டு வயதுப் பையனுக்கே காலடியில் போட வந்துவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளும் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும், கரையெல்லாம் டோர்னமென்ட் நடக்கும். அதில் என் தம்பி காலடியில் குத்திப் போட்ட யார்க்கருக்குப் பக்கத்து ஊர்க்காரர்களே கை தட்டியிருக்கிறார்கள்.

அவனை ஒரு செலக்‌ஷனுக்குக் கூட்டிப்போனேன். கடன் வாங்கிய ஷூ, முன்னால் பஞ்சு திணித்திருந்தான். கையில் ஸ்டிச் பால், அதாவது தையல் போட்ட தோல் பந்து, பிடித்ததே அன்றைக்குத்தான். இரண்டு ஓவர் முடிந்ததும் ஒருவர் "மாங்கா அடிக்கிறான்பா, அடுத்த ஆளு வா" என்றார். கையை மடக்கி எறிகிறான் என்று அர்த்தம். கை எங்கே மடங்குகிறது, எப்படிச் சரி செய்வது என்று ஒரு வார்த்தை இல்லை. கடைசி பஸ்ஸில் ஊர் வரும்வரை முழங்கையைத் தடவிக்கொண்டே வந்தான். அடுத்த வாரம் மீன்பிடிப் படகுக்குப் போய்விட்டான்.

நடராஜனும் அங்கேயே நின்றிருக்கலாம். வருடக்கணக்கில் ஊறிய கை சொன்ன பேச்சு கேட்காது. மாற்ற மாற்ற வேகம் போகும், யார்க்கர் ஃபுல் டாஸாக விழும், நம்பிக்கையே ஆட்டம் காணும். அவர் சொல்லிக்கொடுப்பவர்களிடம் போய் உட்கார்ந்து முதலிலிருந்து கற்றார். கைதூக்கிவிட ஜெயப்பிரகாஷ் அண்ணன் இருந்தார். அந்த நன்றியில்தான் சட்டையில் 'ஜேபி நட்டு' என்று போட்டுக்கொண்டு ஆடினார். 2017 ஐபிஎல் ஏலத்தில் 10 லட்சத்தில் தொடங்கி 3 கோடிக்குப் பஞ்சாப் அணிக்குப் போனார். ஆனால் 2018, 2019 இரண்டு சீசனிலும் ஹைதராபாத் அணியில் ஒரு மேட்ச்கூட ஆடவில்லை. 2020-இல் டிவில்லியர்ஸின் ஸ்டெம்பைப் பெயர்த்த யார்க்கர் இதையெல்லாம் தாண்டி வந்தது.

அப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும். பயிற்சியில் மட்டும் பந்து போடும் நெட் பௌலராக ஆஸ்திரேலியா போனவர் ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமானார். காபா டெஸ்ட்டில் சதமடித்த லபுஷேனை எடுத்தார்.

எனக்கு அதைவிடப் பெரிது 2021 மார்ச், புனேயில் இங்கிலாந்தோடு நடந்த ஒருநாள் ஆட்டம், கடைசி ஓவர். அவர்களுக்கு 14 ரன் வேண்டும், அடித்து ஆடிக்கொண்டு நிற்கிறார் சாம் கரன். காலடி, மறுபடியும் காலடி. கொடுத்தது 6 ரன். என் தம்பி டீக்கடை டிவி முன்னால் உட்காரவே இல்லை, ஒவ்வொரு பந்துக்கும் அவன் இடது தோள் லேசாக அசைந்தது.

முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு வாய்ப்புகள் குறைந்துவிட்டன என்று வருத்தப்படுகிறோம், சரி. ஆனால் 2023-இல் சொந்த ஊரில் ஒரு கிரிக்கெட் மைதானத்தையே கட்டித் திறந்தாரே, அதை எத்தனை பேர் பகிர்ந்தோம்? சின்னப்பம்பட்டிப் பையன் ஸ்டிச் பாலை முதன்முதலாகத் தொடுவது செலக்‌ஷன் நாளாக இருக்காது. எங்கள் கரைக்கு ஒரு நல்ல பிட்ச்சும், கை மடங்கினால் திட்டாமல் பிடித்துக் காட்ட ஒரு கோச்சும் வேண்டும். நடராஜனைக் கொண்டாடும் பெரியவர்களிடம் இதைத்தான் கேட்கிறேன்.

போன தடைக்காலத்தில் தம்பி தன் போனைப் படகு ஓரத்தில் சாய்த்து வைத்து, பத்து வயது மகன் பந்து போடுவதைப் படம் எடுத்தான். நிறுத்தி நிறுத்தி, முழங்கையை மட்டும் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.