பெர்லினில் யார் வீட்டையும் பறிக்கவில்லை

"2021-இல் பெர்லின்காரர்கள் ஓட்டுப் போட்டு, தனியார் வீடுகளை எல்லாம் இலவசமாகப் பறித்துக்கொண்டார்கள்" என்று இணையத்தில் ஒருவர் எழுதியிருக்கிறார். ஓட்டுப் போட்டது உண்மை. மற்றது தப்பு.

அந்த செப்டம்பர் 26 வாக்கெடுப்பு, 3,000-க்கும் அதிகமான வாடகை வீடுகளை வைத்திருக்கும் பெரிய நிறுவனங்களின் வீடுகளைப் பொதுவுடைமையாக்குவது பற்றியது மட்டுமே. மாடியை வாடகைக்கு விட்டிருக்கும் ஓய்வூதியக்காரருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இலவசம் என்பதும் சரியல்ல. ஜெர்மன் அரசியல் சட்டத்தின் 15-ஆவது பிரிவுப்படி இழப்பீடு கொடுத்தே ஆக வேண்டும். எவ்வளவு என்பதில்தான் சண்டை.

சுமார் 59 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். ஆனால் அந்த முடிவு நகர அரசைக் கட்டுப்படுத்தாது, அதனால் ஒரு வீடுகூட கைமாறவில்லை. 2023-இல் நிபுணர் குழு, சட்டப்படி இது சாத்தியம் என்று சொன்ன பிறகும் அரசு அதைச் செய்யவில்லை. இப்போது, அந்த வாக்கெடுப்பைக் கொண்டுவந்த இயக்கத்தினர் தாங்களே சட்ட வரைவு எழுதி, இரண்டாவது வாக்கெடுப்பு கேட்கிறார்கள்.

"திடீரென்று கிளம்பிய இடதுசாரி வெறி" என்றும் அவர் எழுதியிருக்கிறார். திடீரென்று வந்ததல்ல இது. 2004-இல் நகரம் தனக்குச் சொந்தமாக இருந்த சுமார் 65,000 வீடுகளை 40.5 கோடி யூரோவுக்கு விற்றது. ஒரு வீட்டுக்கு 6,000 யூரோ சொச்சம்தான், வீடுகளின் மேலிருந்த கடனும் வாங்கியவர்களிடம் போனது என்றாலும்! பிறகு பல இடங்களில் வாடகை ஏறியது. 2012-இலேயே பெர்லினின் கோட்புசர் டோர் பகுதிக் குடியிருப்பாளர்கள், அவர்களில் பலர் துருக்கி வம்சாவளியினர், தெருவிலேயே குடிசை போட்டு உட்கார்ந்து போராடினார்கள்.